பழைய தொழில்நுட்ப நூல்களைப் பகிரும் முன்

மறுபதிப்பு காணாத சித்த மருத்துவம், கட்டடக்கலை, தச்சு நூல்களைத் தேடுவோர் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்திலிருந்து தொடங்கலாம். அங்கு பா. கிருஷ்ணமூர்த்தி – டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம் அரிய முதற்பதிப்புகளுக்குப் பெயர் பெற்றது.

நூல் கிடைத்ததும் முதலில் அதன் பதிப்புரிமையைப் பார்க்க வேண்டும். அச்சில் இல்லை என்பதாலேயே ஒரு நூல் பொதுவுடைமை ஆகிவிடாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1960இல் மறைந்தவரின் நூல் 2021 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. அரசு வெளியீடுகளுக்கு இந்தக் கணக்கு வெளியான ஆண்டிலிருந்து தொடங்கும். மொழிபெயர்ப்பாளர், ஓவியர், புதிய முன்னுரை எழுதியவர் ஆகியோரின் உரிமை தனி. பலரும் சறுக்குவது இங்கேதான். யாழ்ப்பாணத்தில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் கிறீன் 1884இல் மறைந்தவர்; அவருடைய மொழிபெயர்ப்புக்கு உரிமைச் சிக்கல் இல்லை.

நொறுங்கும் தாளை ஸ்கேனரில் அழுத்தக் கூடாது. நூலைப் பாதியளவே விரித்து, நிழலான பகல் வெளிச்சத்தில் மேலிருந்து செல்போனில் படமெடுத்தால் போதும். ஸ்கேனரைத் தாங்கும் நூல் என்றால் எழுத்துக்கு 300 டிபிஐ, வரைபடங்களுக்கு 600. மடித்து வைத்த படத்தாள்களையும் அளவுப் பட்டியல்களையும் விட்டுவிட்டால் தொழில்நுட்ப நூலுக்குப் பயனே இல்லை.

முகப்பும் பதிப்பு விவரப் பக்கமும் கோப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். கோப்பின் பெயரில் ஆசிரியர், நூல், ஆண்டு மூன்றும் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் அதே நூல் ஏற்கெனவே இருந்தால், அந்த இணைப்பை அனுப்பினாலே போதும்.