"எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை"

நம்பிக்கை: புற்றுநோய் மரபணுக் கோளாறு என்கிறார்கள். எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை, எனக்கு எப்படி வரும்?

உண்மை: மரபணுக் கோளாறு என்பது சரிதான். பரம்பரையாக வருகிறது என்பதில்தான் தவறு. வாய்ப்புற்றில் பழுதாகும் மரபணுக்கள் பெரும்பாலும் பிறக்கும்போது நன்றாக இருந்தவை. பிற்பாடு, கன்னத்தின் உட்புறச் செல்களில் மட்டும் கெட்டவை.

17ஆம் குரோமோசோமில் டிபி53 என்றொரு மரபணு உண்டு. டிஎன்ஏ சேதமானால் செல் பிரியாமல் தடுத்து, பழுதுபார்க்க நேரம் வாங்கித் தரும். சரியாகாத செல்லைச் சாகவைக்கும். இப்படிப்பட்டவையே கட்டி ஒடுக்கும் மரபணுக்கள். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள் இருப்பதால், ஒன்று கெட்டாலும் மற்றது பெரும்பாலும் சமாளிக்கும். ஆனால் கடைவாயில் ஒதுக்கிய புகையிலையிலிருந்து கசியும் நைட்ரோசமைன்கள், வருடக்கணக்கில் அதே இடத்து டிஎன்ஏவைத் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. இரண்டாவது பிரதியும் போனபின் அந்தச் செல்லைத் தடுக்க ஆளில்லை.

இது ஊகமல்ல. நவி மும்பையின் ஆக்ட்ரெக் புற்றுநோய் ஆய்வு மையமும், மேற்கு வங்கம் கல்யாணியிலுள்ள தேசிய உயிரிமருத்துவ மரபணு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஈறு, கன்னப் புற்றுகளை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டன. கட்டியின் டிஎன்ஏவை அதே நோயாளியின் ரத்த டிஎன்ஏவோடு ஒப்பிட்டார்கள். டிபி53, ஃபாட்1, காஸ்ப்8, நாட்ச்1 என்று பல மரபணுக்களில், ரத்தத்தில் இல்லாத மாற்றங்கள் கட்டியில் இருந்தன. அதாவது, பெற்றோர் கொடுத்தவை அல்ல, வாயில் உண்டானவை.

அந்தமான் நிக்கோபாரில் இது ஏன் பெரிய செய்தி? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 15 வயதைக் கடந்த ஆண்களில் 58.7 சதவீதமும் பெண்களில் 31.3 சதவீதமும் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள்.

நம்பிக்கை: புகையிலைதான் கெடுதல். வெறும் வெற்றிலை பாக்கு சீரணத்துக்கு நல்லது.

உண்மை: பாக்கு இந்தத் தீவுகளின் பணப்பயிர், பல குடும்பங்களின் சோறு. சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை கலக்காத பாக்கையே புற்று உண்டாக்கும் பொருள் என்று 2004இல் வகைப்படுத்தியது. பாக்கு மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உட்சதை நார்போல் இறுகலாம். முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு வாய் திறக்கவே சிரமமாகும். இந்த நிலை புற்றாகவும் மாறலாம்.

நம்பிக்கை: சோதனைக்காகச் சதை எடுத்துப் பார்த்தால் புற்று பரவிவிடும்.

உண்மை: பரவாது. பரவ இடம் கொடுப்பது தாமதம்தான்.

நம்பிக்கை: இத்தனை வருடம் போட்டாயிற்று, இனி விட்டு என்ன பயன்?

உண்மை: விட்டபின் ஆபத்து வருடத்துக்கு வருடம் குறைகிறது. விடுவதோடு, வாயைச் சோதித்துப் பார்ப்பதும் பயன் தரும்: திருவனந்தபுரம் பகுதியில் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாயைக் கண்ணால் பரிசோதித்ததாலேயே, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது; 2005இல் இது வெளியானது. கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் இழுத்து, நீங்கள் வெற்றிலையை ஒதுக்கும் மூலையை மாதம் ஒருமுறை பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் வலிக்கும்வரை காத்திருக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.