முதல் ஆடிஷனா? பதறாமல் பாட...

மெல்லிசைக் குழுவில் பாடகர் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா? முதலில் உங்கள் சுருதியைத் தெரிந்துகொள்ளுங்கள். கீபோர்டு வாசிப்பவர் “எந்தக் கட்டை?” என்றுதான் கேட்பார். (1 கட்டை என்றால் சி, 5 கட்டை என்றால் ஜி.) பாட்டின் அசல் சுருதி எட்டவில்லையா? அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடுங்கள். மேலே போய்க் குரல் பிசிறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

மெதுவான பாட்டு ஒன்று, வேகமான பாட்டு ஒன்று போதும். பல்லவி யாருக்கும் வந்துவிடும். புதியவர்கள் தடுமாறுவது இடையிசை முடிந்து சரணத்தை எடுக்கும் இடத்தில்தான். கரோக்கியில் வரிகள் திரையில் ஓடி, நிறம் மாறி, எடுக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வாத்தியக்காரர்களோடு பாடும்போது அந்த உதவி கிடையாது. அதனால் திரையைப் பார்க்காமல் விரலில் தாளம் எண்ணிப் பழகுங்கள். இடையிசை எத்தனை ஆவர்த்தனம் என்று பாட்டுத்தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள். பாடியதைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

ஆடிஷன் அன்று காலையில் தொண்டை கிழியப் பாடிப் பார்க்க வேண்டாம், ஹம்மிங் போதும். காபி படபடப்பைக் கூட்டலாம். வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. உங்கள் முறை வருமுன் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். கை நடுங்கினால் மைக் ஸ்டாண்டிலேயே இருக்கட்டும்.

வரி மறந்தால் நிறுத்தாதீர்கள், “ஸாரி”யும் சொல்லாதீர்கள். தாளத்தை விடாமல் அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளுங்கள். கச்சேரியில் நிறுத்தித் திரும்பப் பாட முடியாது என்பதால், இந்தச் சமாளிப்புத்தான் குழுவுக்கு முக்கியம்.