கடற்கரை ஊரில் தங்கும் விடுதி: ஒரு மாணவியின் கணக்கு

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி, இயற்பியல் துறை)

முன்னுரை

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றுக்கே அளவு வேண்டுமென்றால் கடற்கரைக்குச் சொல்லவும் வேண்டுமோ! விடுமுறை வந்தால் கன்னியாகுமரிக்குப் போய்வர வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம், 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் ஆகியவற்றைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். இரவு எங்கே தங்குவது என்பதை மட்டும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். பையும் மூட்டையுமாக நடுத்தெருவில் நிற்கும்போது நாம் எடுக்கும் முடிவு, பெரும்பாலும் முதலில் எதிர்ப்படும் தரகரின் முடிவாகவே அமைந்துவிடும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். சென்ற மாசி மாதம் குடும்பத்தோடு கன்னியாகுமரி செல்வதென்று முடிவானபோது, "நீதானே படிச்ச பிள்ளை, நீயே பாரு" என்று அப்பா அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார். அதற்காக நான் கற்றுக்கொண்டவற்றை நண்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே தொகுத்துத் தருகிறேன்.

1. யாருக்காக அறை?

'நல்ல விடுதி எது?' என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. யார் யார் போகிறார்கள் என்பதைப் பொறுத்தே விடை அமையும். நாங்கள் ஐந்து பேர். அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. அம்மா தீப்பெட்டி ஆலைக்குச் செல்பவர். தங்கை, நான், எழுபதைக் கடந்த ஆச்சி. ஆச்சிக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ஆகவே விடுதியைத் தீர்மானிக்க வேண்டியது ஆச்சியின் முழங்கால்தான். தரைத்தளத்தில் அறை, மேற்கத்திய முறைக் கழிப்பறை என்ற இரண்டும் முதலிலேயே முடிவாயின.

சமையல் வசதியுள்ள அறைகளும் சில விடுதிகளில் உண்டு. நாங்களே சமைத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 ரூபாய் மிச்சமாகும் என்று கணக்கிட்டேன். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்கும் வேலை அம்மாவுக்கு எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அதையே கடற்கரைக்கு வந்தும் செய்தால் அதற்கு விடுமுறை என்று எப்படிப் பெயரிடுவது? அந்த 400 ரூபாயை அம்மாவின் ஓய்வுக்கென்று ஒதுக்கினோம். சிக்கனம் நல்லதுதான். அது யாருடைய உழைப்பில் நடக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2. எந்த மாதத்தில்?

கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டமும், ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் இவ்வூரில் மிகுதி. சித்திரைப் பௌர்ணமியன்று ஞாயிறு மறைவதையும் திங்கள் எழுவதையும் ஒருசேரக் காணப் பலர் கூடுவர். இந்நாள்களில் அறை கிடைப்பது அரிது, வாடகையும் ஏறிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் கடல் கொந்தளித்துப் பாறைக்குச் செல்லும் படகுகள் நிறுத்தப்படும் நாள்களும் உண்டு. எனவே கூட்டமும் கொந்தளிப்பும் குறைந்த பிப்ரவரி எங்களுக்கு ஏற்றதாயிற்று.

3. சன்னல் எந்தப் பக்கம்? எந்த மாடி?

'அறையிலிருந்தே சூரிய உதயம் பார்க்கலாம்' என்று பல விடுதிகள் விளம்பரம் செய்கின்றன. இவ்விடத்தில்தான் நம் இயற்பியல் உதவுகிறது. ஞாயிறு நேர் கிழக்கில் எழுவது மார்ச், செப்டம்பர் மாதங்களின் சம இரவு நாள்களை ஒட்டித்தான். கன்னியாகுமரி ஏறத்தாழ வட அட்சரேகை 8 பாகையில் உள்ளது. அங்கே ஜூன் இறுதியில் கிழக்கிலிருந்து 23.7 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பர் இறுதியில் அதே அளவு தெற்கே தள்ளியும் ஞாயிறு எழும். ஆக, ஓராண்டில் உதயத் திசை 47 பாகைக்கு மேல் நகர்கிறது. டிசம்பரில் உதயத்தைக் காட்டிய சன்னல், ஜூனில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவரைக் காட்டலாம். நாம் போகும் மாதத்தில் தெரியுமா என்று கேட்பதே அறிவுடைமை.

அடுத்தது மாடி. உயரம் கூடினால் வாடகையும் கூடுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பது கிடைக்கும். 16 மீட்டர் உயர மாடியிலிருந்து பார்ப்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 14 கிலோமீட்டரில் இருக்கும். மணலில் நிற்பவருக்கு நாலரைக் கிலோமீட்டர்தான். இதனால் மாடியில் இருப்பவர் உதயத்தை முன்கூட்டியே காண்பார் என்பது உண்மையே. எவ்வளவு முன்னால் என்று கணக்கிட்டேன். ஏறத்தாழ 20 வினாடி! அந்த 20 வினாடிக்காக ஆச்சியை நான்கு மாடி ஏற்ற வேண்டியதில்லை. கடற்கரை மணலுக்கு வாடகை கிடையாது.

4. வாடகை வேறு, செலவு வேறு

பலகையில் எழுதியிருப்பது வாடகை. நம் கையை விட்டுப் போவது செலவு. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கடலுக்கு அருகில் 'அ' விடுதியின் வாடகை 1,800 ரூபாய் என்றும், இரண்டு கிலோமீட்டர் தள்ளி 'ஆ' விடுதியின் வாடகை 1,200 ரூபாய் என்றும் கொள்வோம். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. எனவே 'அ' 1,890 ரூபாய். 'ஆ' 1,260 ரூபாய். 'ஆ'விலிருந்து மாலையும் காலையும் கடற்கரைக்குப் போய்வர நான்கு முறை ஆட்டோ, முறைக்கு 150 ரூபாய் என்றால் 600. ஆக 'ஆ' 1,860 ரூபாய். 600 ரூபாயாகத் தோன்றிய வேறுபாடு 30 ரூபாயில் முடிகிறது.

நேரத்தையும் அளக்க வேண்டும். சில விடுதிகளில் நாம் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாளாகும். வேறு சிலவற்றில் எப்போது நுழைந்தாலும் நண்பகல் 12 மணியோடு நாள் முடிந்துவிடும். பின்னைய முறையில் அதிகாலை ஐந்து மணிக்குப் போய்ச் சேர்பவர் ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கட்ட நேரலாம். நாங்கள் 24 மணி நேர முறையைத் தேர்ந்து, முற்பகல் 11 மணிக்கு நுழைந்தோம். ஒரே நாள் வாடகையில் அன்றைய மாலை மறைவையும் மறுநாள் உதயத்தையும் கண்டோம்.

நட்சத்திர விடுதி என்றால் என்ன என்று பலருக்கு ஐயம் உண்டு. விடுதியார் விரும்பி விண்ணப்பித்தால், மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் குழு பார்வையிட்டு வழங்கும் தகுதி அது. விண்ணப்பிக்காத நல்ல விடுதிகளும் உண்டு. பெயர்ப் பலகையில் தாமே வரைந்துகொண்ட நட்சத்திரத்துக்கு மதிப்பில்லை. கைப்பேசியில் காணும் படங்களையும் முழுதும் நம்ப இயலாது. அகலக்கோண வில்லையால் எடுத்தால் சிறிய அறையும் மண்டபம் போலத் தோன்றும்.

5. தண்ணீரும் தாழ்ப்பாளும்

கடலோர நிலத்தடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025 என்ற வேறுபாட்டினால், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். அளவுமீறி இறைத்தால் உப்புநீர் மேலேறி வரும். ஆகவே குழாயைத் திறந்து சிறிது சோப்பைத் தேய்த்துப் பார்ப்பது நல்லது. நுரை வராவிட்டால் நீர் கடினமானது. ஆச்சியின் குளியலும் கடினமே.

பெண்கள் உடன் வந்தால் கதவின் தாழ்ப்பாளையும் குளியலறைச் சன்னலையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வெளியேறும் வழி எது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய கரை இது. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதைச் சிறுவர்க்கும் சொல்லி வைக்கலாம்.

6. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்

இனிச் சொல்லப்போவது எந்தச் சூத்திரத்திலும் அடங்காதது. நாங்கள் முதலில் நுழைந்த விடுதியில் அப்பா கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்பது அவருக்குத் தெரியவில்லை. "அறையைப் பார்க்கலாமா?" என்று நான் கேட்டேன். "பணம் கட்டினால்தான் சாவி" என்று விடை வந்தது. "அதிகமாக் கேக்காதம்மா, ஏதாவது நினைச்சுக்குவாங்க" என்று அம்மா என் கையைப் பிடித்தார். நன்றி கூறி வெளியே வந்தோம்.

இரண்டாம் தெருவில் இருந்த மற்றொரு விடுதியில் பெரியவர் ஒருவர் தாமே எழுந்து வந்து அறையைத் திறந்து காட்டினார். நான் குழாயைத் திறந்தேன். தங்கை தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். வரி எவ்வளவு, ஐந்தாம் ஆளுக்குப் பாய் தருவீர்களா, ரசீது உண்டா என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். அப்பா செருப்போடு உள்ளே வந்தார். மறுநாள் காலை ஞாயிறு எழும் முன் நாங்கள் மணலுக்குச் சென்றோம். உதயம் கண்டு திரும்பியதும் அம்மா மீண்டும் படுத்து எட்டரை மணி வரை உறங்கினார். அப்படி அவர் உறங்கி நான் கண்டதில்லை.

முடிவுரை

ஓர் இரவின் வாடகை சிலருக்குச் சிறு தொகை. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது இரண்டு மூன்று நாள் கூலி. அதனால்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் வாடகையைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அது, கேட்கக் கூசி, கிடைத்ததை ஏற்றுக்கொள்வதாகும். காசு கொடுப்பவர் அறையைப் பார்க்கக் கேட்பதும், மொத்தத் தொகையை முன்கூட்டியே அறிவதும், ரசீது வாங்குவதும் எந்த வகையிலும் தவறல்ல.

நம் கல்லூரியில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். வங்கியிலும் அலுவலகத்திலும் வீட்டாருக்காகப் படிவம் நிரப்புகிறவர்கள் நாம்தாம். அவர்களை ஒரு நாள் கடற்கரைக்கும் அழைத்துச் செல்வோம். விடுதி வாசலில் முதலில் பேசுகிறவர்களாகவும் நாமே இருப்போம்.