அரியலூர் லாரி எலக்ட்ரீஷியனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் நீங்கள், பழையாறில் நண்பரின் பைபர் படகுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், விஎச்எப் ரேடியோ மூன்றும் மாட்டித் தர ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். கடல் இல்லாத ஊர்க்காரன் இதில் கை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வைக்கலாம். திருமானூரைத் தொட்டு ஓடும் கொள்ளிடம்தான் பழையாறு பக்கம் கடலில் சேர்கிறது. உங்கள் மாவட்டத்து மண்ணில் சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடைப்பதும், அது ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததால்தான்.

ஆனால் லாரிப் பழக்கம் இரண்டை விட்டுவிட்டு வாருங்கள். லாரியில் பாடியே எர்த். ஒரு ஒயர் இழுத்தால் விளக்கு எரிந்துவிடும். பைபரில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு கருவிக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் பேட்டரி வரை போக வேண்டும், பாசிட்டிவில் பேட்டரியை ஒட்டியே பியூஸ் வேண்டும். இன்னொன்று, ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது. உப்புக்காற்று டேப்புக்குள் நுழைந்துவிடும். ஈயம் பூசிய செம்புக் கம்பி வாங்கி, லக் வைத்து அழுத்தி, மேலே சுருங்கும் டியூப் போடுங்கள்.

நாகப்பட்டினத்தில் நான் பார்த்த ஒரு படகைச் சொல்கிறேன். புது விஎச்எப். பேச்சு நன்றாகக் கேட்கும். பேச பட்டனை அழுத்தினால் செட் அணைந்துவிடும். செட்டே கோளாறு என்று கழற்றி வைத்திருந்தார்கள். மல்டிமீட்டர் பிடித்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட். பட்டனை அழுத்தியபோது செட்டின் முனையில் 10 வோல்ட்டை ஒட்டி வந்தது. 25 வாட் அனுப்பும்போது அது 5 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி 10 மீட்டர் தள்ளி. போக வர 20 மீட்டர், 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். அதிலேயே ஒன்றே முக்கால் வோல்ட் போய்விடும். நடுவில் ஒரு ஜாயின்ட்டைப் பிரித்தால் உள்ளே கம்பி கறுத்து, பச்சைக் களிம்பு கட்டியிருந்தது. 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டோம். அதே செட் இன்றும் பேசுகிறது. நான் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான், அதனால் செட்டைத் திறக்கும் முன் ஒயரைப் பாருங்கள்.

எக்கோ சவுண்டர் மெதுவாகப் போகும்போது ஆழம் காட்டி, வேகம் எடுத்ததும் எண் தொலைத்தால், அதன் டிரான்ஸ்டியூசருக்கு அடியில் காற்றுக்குமிழி ஓடுகிறது என்று அர்த்தம். புரொப்பெல்லர் கலக்கும் நீரிலிருந்து அதைத் தள்ளி மாட்டுங்கள். விஎச்எப் ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் முள் பொய் சொல்லும். ஜிபிஎஸ் ஆன்டெனாவைத் தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள்.

ஜிபிஎஸ்ஸில் பாயிண்ட், அதாவது இடக்குறி, பதியும்போது மிகவும் கவனம் வேண்டும். 10 டிகிரி 45.50 நிமிடம் என்பதை 45 நிமிடம் 50 விநாடி என்று ஏற்றினால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். முகத்துவாரத்தில் மணல்திட்டு இருக்கும் இடத்தில், இருட்டில், அந்தத் தூரம் உயிர் போகும் தூரம். பாக் நீரிணையில் இலங்கை எல்லைக்கோட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு இது சிறைக்குப் போகும் தூரம். அதனால் நண்பரின் செட் எந்த முறையில் இருக்கிறது, அவருக்குப் பாயிண்ட் கொடுப்பவரின் செட் எந்த முறையில் இருக்கிறது, இரண்டையும் கேட்டு ஒன்றாக்குங்கள்.

விஎச்எப்பை மட்டும் நம்பி ஆழ்கடல் போகக் கூடாது என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் குமரி மாவட்டம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. வெகுதூரத்தில் இருந்த படகுகளுக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி வாங்கவும் ஆபத்தில் அனுப்பவும் உதவும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர்களை, 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாக 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. நண்பரை மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மாட்டி முடித்த கையோடு பஸ் ஏறிவிடாதீர்கள். ஒரு நடை படகிலேயே போய்வாருங்கள். இன்ஜினைக் கிளப்பும்போது, வேகத்தில் ஓடும்போது, பேச பட்டனை அழுத்தும்போது செட்டின் முனையில் எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் குறித்து வைத்து, எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
நாகப்பட்டினத்திலிருந்து உங்கள் அண்ணன்