கலையின் வழியே கல்வி: தீவுகளில் ஆசிரியர் பயிற்சி

1979-இல் புதுதில்லியில் நிறுவப்பெற்ற பண்பாட்டு வளங்கள், பயிற்சி மையம், கலைகளைப் பாடங்களோடு இணைத்துக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து வருகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இம்முறையை வலியுறுத்துகிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இதன் தேவை மிகுதி. வங்காளம், தமிழ், தெலுங்கு, இந்தி, நிக்கோபாரி எனப் பல தாய்மொழியினர் ஒரே வகுப்பில் அமர்வதுண்டு. பாடமொழி விளங்காத மாணவனும் படத்தாலும் தாளத்தாலும் கருத்தைப் பற்றிக்கொள்ள இயலும். 'ஹோடி' எனப்படும் நிக்கோபார் படகை வரைபவன், அதன் பக்கமிதவை படகு கவிழாமல் காப்பதை உணர்கிறான். சமநிலை பற்றிய அறிவியல் பாடம் அங்கே தொடங்குகிறது.

கலை விழாமேடையோடு நின்றுவிடின் இப்பயன் விளையாது. ஆகவே, கோடைப் பயிற்சியில் ஆசிரியர் தாமே வரைந்தும் பாடியும் பழகி, தாம் நடத்தவிருக்கும் ஒரு பாடத்தையேனும் வகுத்துக்கொண்டு திரும்புதல் வேண்டும். அப்பாடம் மாணவனுக்கு விளங்கியதா என்பதைக் கொண்டே பயிற்சியை மதிப்பிடல் தகும்.