அடையாளத் திருட்டும் வங்கிக் கணக்கின் பாதுகாப்பும்

1969-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் பதினான்கு பெரிய வணிக வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அந்நாளில் ஒருவர் புதிதாகக் கணக்குத் தொடங்க வேண்டுமாயின், அதே வங்கியில் ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த ஒருவர் அவரை அறிமுகம் செய்து கையொப்பமிட வேண்டியிருந்தது. பணம் எடுக்க வருபவரின் கையெழுத்தை எழுத்தர் மாதிரிக் கையொப்ப அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பார். சிறிய கிளைகளில் அதற்கும் தேவை ஏற்படுவது அரிது; வாடிக்கையாளரின் முகமே அவருக்குச் சான்றாக இருந்தது. சிற்றூர் மக்களில் பெரும்பாலோர் வங்கியின் வாயிலையே மிதிக்காத காலத்திற்கு இம்முறை போதுமானதாயிற்று.

2014 ஆகஸ்டு 28-இல் தொடங்கப்பெற்ற பிரதமரின் ஜன் தன் திட்டமும், 2016-இல் நடைமுறைக்கு வந்த யு.பி.ஐ. பணப் பரிமாற்ற முறையும் இந்நிலையை முற்றிலும் மாற்றின. இன்று முதியோர் ஓய்வூதியமும் ஊரக வேலைவாய்ப்புக் கூலியும் கல்வி உதவித்தொகையும் நேரே கணக்கில் வந்து சேர்கின்றன. முகமறிந்த எழுத்தரின் இடத்தை எண்கள் பிடித்துக்கொண்டன. கைப்பேசி எண், ஆதார் எண், வருமான வரித்துறை வழங்கும் பான் எண், கணக்கு எண் ஆகிய இவற்றை எவர் சரியாகச் சொல்கிறாரோ அவரே உரியவர் என இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. பிறர் ஒருவருடைய எண்களையோ கையொப்பத்தையோ கைரேகையையோ தமதாகக் காட்டிப் பயன் பெறுவதே அடையாளத் திருட்டு எனப்படுகிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்டு, 2009 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள 66சி, 66டி ஆகிய பிரிவுகள் இதனை மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாக்கியுள்ளன.

இக்குற்றத்தின் இயல்பை உணர ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். நமது அடையாளம் ஒரே ஆவணத்தில் அடங்கியதன்று. அது ஒரு சங்கிலி. கைப்பேசி இணைப்பு ஆதாரைக் காட்டிப் பெறப்படுகிறது. வங்கிக் கணக்கு ஆதாரையும் பானையும் கொண்டு தொடங்கப்படுகிறது. கணக்கிலிருந்து பணம் செல்ல ஒருமுறைக் கடவு எண் அதே கைப்பேசிக்கு வருகிறது. திருடனுக்கு ஒரு கண்ணி அகப்பட்டால் போதும்; அதைப் பற்றி மற்றவற்றை இழுத்துக்கொள்வான். இழந்தவரோ எல்லாக் கண்ணிகளையும் ஒவ்வொன்றாகச் சீர்செய்தாக வேண்டும். பறிபோன பணத்தோடு கணக்கு முடிந்தது என்றிருப்பவர், ஆறு திங்கள் கழித்துத் தாம் வாங்காத கடனுக்குத் தவணை கேட்கும் கடிதத்தைக் காண நேரலாம்.

முதல் சில மணி நேரம்

திருடப்பட்ட பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. அது சில நிமிடங்களில் இரண்டாவது, மூன்றாவது கணக்குகளுக்கு மாற்றப்பட்டு, இறுதியில் எங்கோ ஒரு தானியங்கிப் பணப்பொறியிலிருந்து ரொக்கமாக எடுக்கப்படுகிறது. ரொக்கமாகும் முன் நிறுத்தினால்தான் மீட்பு எளிதாகும். இதற்கெனவே உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1930 என்னும் தொலைபேசி எண் இயங்குகிறது. 2021-இல் இது 155260 என்ற எண்ணாகத் தொடங்கியது. அழைப்பவர் கூறும் பரிவர்த்தனைக் குறிப்பெண், தொகை, நாள், நேரம் ஆகியவை பணம் சென்ற வங்கிக்கு உடனே அனுப்பப்பட்டு, அத்தொகையை நிறுத்திவைக்குமாறு கேட்கப்படுகிறது. பணம் மேலும் நகர்ந்திருப்பின் அடுத்த வங்கிக்குச் செய்தி செல்லும். 2019 முதல் இயங்கும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் முறையீடு செய்யலாம். எவ்வழியில் செய்யினும் புகாரின் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது.

ஆனால் 1930-ஐ அழைத்ததோடு கடமை முடிந்ததாகப் பலர் நினைக்கின்றனர், இது தவறு. தம் வங்கிக்குத் தனியே, எழுத்து மூலமாக, நாளும் நேரமும் பதிவாகும் வகையில் அறிவிக்க வேண்டும். இழப்பு யாரைச் சாரும் என்பது அந்த அறிவிப்பின் நாளைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகிறது.

2017 ஜூலை 6-ஆம் நாள் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையே இத்துறையில் அடிப்படையானது. தவறு வங்கியுடையதாயின், வாடிக்கையாளர் அறிவித்தாலும் அறிவிக்காவிடினும் அவருக்கு இழப்பில்லை என அது விதித்தது. தவறு இருவருடையதுமன்றி வேறெங்கோ நிகழ்ந்திருப்பின், வங்கியிடமிருந்து செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அறிவிப்பவருக்கும் இழப்பில்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் அறிவித்தால் அடிப்படைச் சேமிப்புக் கணக்கினருக்கு 5,000 ரூபாயும், ஏனைய சேமிப்புக் கணக்கினருக்கு 10,000 ரூபாயும் உச்ச வரம்பாக வகுக்கப்பட்டன. அறிவித்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்கவும், தொண்ணூறு நாட்களுக்குள் முறையீட்டைத் தீர்க்கவும் வங்கிகள் பணிக்கப்பட்டன. இவ்விதிகள் காலந்தோறும் திருத்தப்படக்கூடியவை. எனவே நடப்பு வரம்பைத் தம் வங்கியின் வாடிக்கையாளர் பாதுகாப்புக் கொள்கையில் பார்த்துக்கொள்வது நல்லது.

இச்சுற்றறிக்கையில் தொகைகளைவிடப் பெரிதாகக் கருதத்தக்கது வேறொன்று: வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் சுமை வங்கியின்மீது வைக்கப்பட்டது. இதனை அறியாத கிளை அலுவலர்கள் முறையிட வந்தவரையே குற்றவாளிபோல் விசாரிப்பதும், “நீங்கள்தான் எண்ணைச் சொல்லியிருப்பீர்கள்” என்று திருப்பியனுப்புவதும் இன்றும் நிகழ்கின்றன. கடவு எண்ணைத் தாமே சொல்லிவிட்டவருக்கு, அறிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும் என்ற விதியும் அதே சுற்றறிக்கையில் இருந்தது உண்மையே. நேற்றுவரை வங்கியையே அறியாதிருந்த ஒரு முதியவரையும், பட்டம் பெற்ற நகரவாசியையும் இவ்விதி ஒரே தராசில் நிறுத்துகிறது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஆயினும் அவருக்கும் அறிவித்த நொடிக்குப் பிந்திய இழப்பு வங்கியினுடையது என அச்சுற்றறிக்கை கூறியதால், தாமதமின்றி அறிவிப்பதே அவரைக் காக்கும்.

கைரேகை என்னும் தனிச் சிக்கல்

ஆதார் வழிப் பணப் பரிமாற்ற முறையில் ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை ஆகிய மூன்றும் இருந்தால் ஊர் வங்கி முகவரிடமே பணம் பெறலாம். கிளை இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூருக்கு இது பெரும் வசதி. ஆனால் நிலப் பத்திரங்களில் பதிந்த கைரேகைகளைப் பதிவுத்துறைத் தளங்களிலிருந்து எடுத்து, ரப்பர் போன்ற பொருளில் வார்த்துப் பயன்படுத்திய கும்பல்கள் பல மாநிலங்களில் பிடிபட்டுள்ளன. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற இயலாது.

தனித்துவ அடையாள ஆணையம் இதற்கொரு பூட்டை வழங்கியுள்ளது. அதன் இணையதளம் அல்லது கைப்பேசிச் செயலி வாயிலாகக் கைரேகைப் பயன்பாட்டை முடக்கிவைக்கலாம். கடந்த ஆறு திங்களில் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்பதையும் பார்க்கலாம். ஐயமிருப்பின் 1947 என்ற எண்ணில் கேட்கலாம். ஆனால் பூட்டியபின் நியாயவிலைக் கடையிலும் ஓய்வூதிய முகவரிடமும் உரியவரின் விரலும் செல்லாது. ஒவ்வொரு முறையும் தற்காலிகமாகத் திறந்தாக வேண்டும். அதற்கு ஆதாரில் பதிவான கைப்பேசி எண் கைவசம் இருத்தல் வேண்டும். ஆகவே ஊழியர்கள் எல்லாருக்கும் ஒரே அறிவுரையைக் கூறாமல், எவர் எவ்வழியில் பணம் பெறுகிறார் என்று கேட்டறிந்து கூறுதல் வேண்டும். நகரத்தில் பணியாற்றும் ஒருவர் தயக்கமின்றிப் பூட்டலாம். விரல் ரேகையை நம்பி மாதந்தோறும் ஓய்வூதியம் பெறும் மூதாட்டிக்கு முதல் தேவை, கணக்குப் புத்தகத்தில் உடனுக்குடன் பதிவிட்டுத் தரும் கிளைதான்.

பெயரை மீட்டல்

பணம் மீண்டாலும் மீளாவிட்டாலும் அடுத்து வருவது பெயரை மீட்கும் பணி, இது நெடியது. முதற்கண் கைப்பேசி. திடீரெனச் சிம் அட்டை செயலிழந்தால், வேறெவரோ மாற்று அட்டை பெற்றிருக்கக்கூடும் என ஐயுற்று அன்றே நிறுவனத்தை அணுக வேண்டும். தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே திங்களில் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் கண்டு, தமக்குரியதல்லாதவற்றைத் துண்டிக்கக் கோரலாம்.

அடுத்து கடன் வரலாறு. இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றிடமும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். அதில் வாங்காத கடன் காணப்படின் கடன் கொடுத்த நிறுவனத்திற்கும் அறிக்கை தந்த நிறுவனத்திற்கும் மறுப்புக் கடிதம் அனுப்பி, கடன் விண்ணப்பத்தின் நகலையும் இணைக்கப்பட்ட ஆவணங்களையும் கேட்க வேண்டும். முப்பது நாட்களுக்குள் திருத்தாவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் பணித்தது. அது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தொல்லை நீங்கட்டும் என்று பாதித் தொகையைக் கட்டிச் சமரசம் செய்துகொள்வோர் உண்டு. அங்ஙனம் செய்வது, வாங்காத கடனை வாங்கியதாக ஒப்புக்கொள்வதற்கு ஒப்பாகும். ‘சமரசத்தில் முடிந்தது’ என்ற குறிப்பும் அறிக்கையில் நின்றுவிடும்.

பான் எண் தவறாகப் பயன்படுத்தப்பட்டதா என்பதை வருமான வரித்துறை 2021 முதல் வழங்கும் ஆண்டுத் தகவல் அறிக்கை காட்டும். தாம் அறியாத வட்டி வருமானமோ முதலீடோ அதில் தென்பட்டால், அது தமதன்று என அங்கேயே தெரிவிக்க வழியுண்டு.

இவற்றிற்கெல்லாம் முதல் தகவல் அறிக்கை துணையாகும். “இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை” என்று கூறிப் புகாரை மறுக்க இயலாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தர இடமளிக்கிறது. வங்கி முப்பது நாட்களுக்குள் பதிலளிக்காவிடினும், பதில் நிறைவளிக்காவிடினும் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதிகம் அறியப்படாத மற்றொரு வாயில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி மாநிலந்தோறும் உள்ள தீர்ப்பு அலுவலர். ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். போலி மின்னஞ்சலால் ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளர் ஒருவருக்குத் தனியார் வங்கியொன்று இழப்பீடு வழங்குமாறு தமிழ்நாட்டின் தீர்ப்பு அலுவலர் 2010-இல் ஆணையிட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. திருட்டுப் பணத்தில் ஒரு சிறு பகுதி, பொருள் விற்ற சிறுவணிகரின் கணக்கிற்கு வந்ததனால் அவரது கணக்கு முழுவதும் முடக்கப்படும் நிகழ்ச்சிகள் பெருகியுள்ளன. ஐயத்திற்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தலே முறை என்ற கருத்தைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் வெளியிட்டது. விற்பனைச் சீட்டை வைத்திருக்கும் வணிகருக்கு இச்சிக்கலிலிருந்து மீள்வது எளிது. சிறு கூலிக்காகத் தம் கணக்கைப் பிறருக்கு ‘வாடகைக்கு’ விடும் மாணவருக்கோ அத்தகைய சான்று எதுவுமில்லை. அவர் குற்றத்தில் பங்காளியாகவே கருதப்படுவார்.

அன்றாடக் கணக்கு

அன்றாடப் பழக்கங்கள் குறித்து மிகுதியாகக் கூறத் தேவையில்லை. சேமிப்பு ஒரு கணக்கிலும், கடைச் செலவுக்கான சிறு தொகை யு.பி.ஐ. இணைந்த வேறொரு கணக்கிலும் இருத்தல் நன்று. திருட்டு நேர்ந்தால் இழப்பு சிறியதாகும். யு.பி.ஐ. இரகசிய எண் பணம் அனுப்புவதற்கே தேவை; பணம் பெற அதனைக் கேட்பவர் ஏமாற்றுகிறார் என்று கொள்க. பற்று அட்டையில் இணைய வழிப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தேவையில்லாத போது அணைத்து வைக்கும் வசதி 2020 அக்டோபர் முதல் உண்டு. வங்கிகளின் இணைய முகவரிகள் இப்போது ‘பேங்க் டாட் இன்’ என முடிகின்றன. தேடுபொறியில் கிடைத்த தொலைபேசி எண்ணை நம்பாது, கணக்குப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்ட எண்ணையே அழைக்க வேண்டும். ஆதார் நகல் தர நேர்ந்தால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரலாம். நகலின் குறுக்கே நாளையும் நோக்கத்தையும் எழுதிக் கையொப்பமிடும் பழைய வழக்கத்தையும் கைவிட வேண்டுவதில்லை. கைப்பேசி எண்ணை மாற்றியவர் வங்கியில் அதனைத் தெரிவிக்காதிருப்பது பெரும் ஆபத்து. பழைய எண் பிறிதொருவருக்கு வழங்கப்பட்டபின் எச்சரிக்கைச் செய்திகள் அவருக்கே செல்லும்.

மறந்துபோன கணக்குகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பு பணியாற்றிய ஊரில் சம்பளத்திற்காகத் தொடங்கிய கணக்கைக் கவனிப்பார் இல்லையாதலின், அதில் நிகழும் மோசடி எளிதில் வெளிப்படாது. ஈராண்டு வாடிக்கையாளரின் பரிவர்த்தனையே இல்லாத கணக்கு இயக்கமற்றதாகிறது. பத்தாண்டு கடந்தால் அதிலுள்ள தொகை ரிசர்வ் வங்கியிலுள்ள வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அவ்வாறு மாறிய தொகையையும் உரியவர் பின்னர்க் கோரிப் பெறலாம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில், பல வங்கிகளில் கோரப்படாது கிடக்கும் வைப்புகளைப் பெயரிட்டுத் தேடலாம். தேவையற்ற கணக்கை முடித்துவிடலாம். தேவையானதை அடையாளச் சான்றுகளைப் புதுப்பித்து மீண்டும் இயக்கலாம். இதற்கு வங்கி கட்டணம் எதுவும் பெறலாகாது.