வெந்நீர்க் கணக்கு

லண்டன் மாநகரின் வடமேற்கே ஹாரோவில் குடியிருக்கும் என் மகளின் வீட்டுக்குச் சென்ற கார்த்திகை மாதத்தில் நானும் என் மனைவியும் போய்ச் சேர்ந்தபோது, அந்த வீட்டுச் சமையலறையில் என் கவனத்தை முதலில் ஈர்த்தது அங்கே இருந்த எந்தப் பொருளும் அல்ல. அங்கே ஒரு கெட்டில் இல்லை என்பதுதான். தேநீருக்குத் தண்ணீர் காயாத பொழுதே இல்லாத தேசத்தில் இப்படியும் ஒரு வீடா என்று நான் ஆச்சரியப்பட்டதைக் கண்டு, "அதைத் தூக்கிப் பரணில் போட்டாகிவிட்டது அப்பா, இப்போது குழாயிலேயே கொதிக்கிற தண்ணீர் வருகிறது" என்று சொல்லிக்கொண்டே, தொட்டிமேடையின் மேல் வளைந்து நின்ற குழாயின் பிடியை இரண்டு தரம் அழுத்தித் திருப்பினாள். பாம்பு சீறுவதுபோல் ஓர் ஓசை எழ, ஆவி சூழத் தண்ணீர் கோப்பையில் இறங்கியது. அழுத்தித் திருப்பும் அந்த ஏற்பாடு, விவரமறியாத குழந்தை கை வைத்துச் சுட்டுக்கொள்ளாதிருப்பதற்காகவாம்.

இந்தச் சாதனத்தின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. யூனிலீவர் கம்பெனியில் உடனடி சூப் தயாரிக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஹென்றி பெட்டேரி என்ற டச்சு எஞ்சினியருக்கு, சூப் உடனே தயாரானாலும் தண்ணீர் உடனே கொதிப்பதில்லையே என்ற விசாரம் 1970ஆம் வருஷத்தில் பிறந்ததன் பயனாக இது உருவாயிற்று. இதில் மாயம் ஒன்றுமில்லை. தொட்டிமேடைக்குக் கீழே அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு தொட்டியில் தண்ணீர் இரவும் பகலும் கொதிநிலையை ஒட்டிய உஷ்ணத்தில் காத்துக்கொண்டிருக்கிறது. குழாயைத் திறந்தால் அது வெளியே வருகிறது, அவ்வளவே. காத்திருப்பவனுக்கும் படி அளக்க வேண்டும் அல்லவா? முப்பத்தைந்து வருஷ காலம் பிறருடைய கணக்குகளைத் தணிக்கை செய்தே ஜீவனம் நடத்தியவனாதலால், அந்தப் படி எவ்வளவு என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் கொள்ளவில்லை.

முதல் சாட்சியம் உருளைக்கிழங்கிடமிருந்து கிடைத்தது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பையில் மகள் வைத்திருந்த கிழங்குகள், வெளியே பனி உறையும் அந்தக் குளிர்காலத்திலும், பத்தே நாளில் வெள்ளை முளைகளை நீட்டிக்கொண்டு கிடந்தன. கையை விட்டுப் பார்த்தால் அலமாரி முழுவதும், அடைகாக்கும் கோழியின் வயிற்றுக்குக் கீழே இருப்பதுபோல், இதமான சூடு. அந்தச் சூடு மகளின் மின்கட்டணத்திலிருந்து கசிவது என்பதில் சந்தேகமில்லை.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் மறுவார்த்தை பேசாமல், பிளக்குக்கும் சுவருக்கும் இடையே செருகி மின்சாரத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிவந்து, "இதோ மாமா, உங்கள் ஆராய்ச்சிக்கு" என்று என் கையில் கொடுத்தார். மூன்று லிட்டர் கொள்ளும் அந்தத் தொட்டியின் பிளக்கை இதில் செருகி, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை யாரும் குழாயைத் தொடாதபடி காவல் இருந்து பார்த்ததில், எட்டு மணி நேரத்தில் 0.20 யூனிட் செலவாகியிருந்தது. நாளொன்றுக்கு இது 0.6 யூனிட், அவர்களுடைய பில்லில் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 25 பென்ஸ் என்பதால், ஒரு கோப்பைத் தண்ணீர்கூடப் பிடிக்காத நாளிலும் 15 பென்ஸ், வருஷத்துக்கு 55 பவுண்டு, தண்ணீரைச் சூடாக உட்கார்த்தி வைப்பதற்கு மட்டுமே ஆகிறது. எல்லாத் தொட்டிகளும் இப்படி என்று சொல்வது நியாயமல்ல. இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை நீக்கி வெற்றிடமாக்கிய தொட்டிகள் சும்மா இருக்கையில் 10 வாட் அளவிலேயே அடங்கிவிடுகின்றன; இந்த வீட்டிலோ 25 வாட் கேட்கும், வெறும் நுரைப் பஞ்சு சுற்றிய தொட்டி. விலைச்சீட்டைப் பார்த்து வாங்குகிறவர்கள், சும்மா இருக்கையில் எத்தனை வாட் என்ற ஒரு கேள்வியையும் கேட்டு வாங்கினால் நல்லது.

அடுத்தபடியாகப் பரணிலிருந்து கெட்டிலை இறக்கினேன். அந்த நாட்டில் பிளக்கின் உருகி 13 ஆம்பியர் வரை தாங்குமாதலால் கெட்டில்கள் 3,000 வாட் சக்தியோடு வேலை செய்கின்றன. நம் ஊரில் காண்கிற 1,500 வாட் கெட்டிலின் நிதானம் அவற்றுக்கு இல்லை. தராசில் நிறுத்து ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றினேன். பன்னிரண்டு டிகிரியில் இருந்த அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் பௌதிக சாஸ்திரப்படி 0.10 யூனிட் போதும். கெட்டில் எடுத்துக்கொண்டது 0.12. அதாவது 3 பென்ஸ். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி, நான் நடத்திய மூன்று வாரப் பரீட்சையைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் காபி, தேநீர், என் மனைவி நாள் முழுவதும் பருகும் வெந்நீர் எல்லாம் சேர்ந்து தினம் ஐந்து லிட்டர் ஆகிறது. முதல் வாரம் குழாயை மட்டுமே உபயோகித்ததில் 8.1 யூனிட். இரண்டாம் வாரம் கெட்டிலை என் பொறுப்பில் வைத்துக்கொண்டு, வேண்டிய அளவுக்குக் கோப்பையால் அளந்து ஊற்றியதில் 4.3 யூனிட். 'ஆகா, பாதிச் செலவு மிச்சம்' என்று மகளிடம் பெருமை பேசிவிட்டு, மூன்றாம் வாரம் அவரவர் இஷ்டப்படி கெட்டிலைப் புழங்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் பெருமை அந்த வாரத்தோடு போயிற்று. கருவி காட்டியது 7.6 யூனிட்!

காரணத்தை நானே பிரத்தியட்சமாகக் கண்டேன். மாப்பிள்ளை, தமக்கு மட்டும் ஒரு கோப்பைத் தேநீர் வேண்டியிருக்கும்போது, வேறு ஏதோ யோசனையில் கெட்டிலைக் குழாயடியில் பிடித்து ஒன்றரை லிட்டர் நிரப்பி, அதில் கால் லிட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மிச்சம் இருப்பது ஆறிப்போகும். அடுத்து வருகிறவர் அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஊற்றி மறுபடி கொதிக்க வைப்பார். ஒரு நாள் மூடி சரியாகப் படியாதிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கொதித்தவுடன் கெட்டில் தானே நிற்பது எப்படியென்றால், ஆவி ஒரு துவாரத்தின் வழியே போய், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு தகட்டைச் சுட, அது சட்டென்று வளைந்து விசையைத் தட்டிவிடுவதால்தான். மூடி திறந்திருந்தால் ஆவி மேலே போய்விடும், தகட்டுக்குச் சேதி எட்டாது. பத்து நிமிஷம் கழித்து நான் வந்து பார்த்தபோது ஜன்னல் கண்ணாடி முழுவதும் வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. அரை யூனிட், பன்னிரண்டு பென்ஸுக்கு மேல், ஆவியாய்ப் போயிற்று.

ஆகவே, இரண்டு சாதனங்களுக்கும் இடையே உள்ள பேதம் என் மனத்தில் இப்படிப் பதிந்தது: குழாய் நாம் தூங்கும்போது விரயம் செய்கிறது, கெட்டில் நாம் விழித்திருந்தும் கவனியாதபோது விரயம் செய்கிறது. முன்னதற்குத் தொட்டியைச் செய்தவன் பொறுப்பு, பின்னது நம் கையில் இருக்கிறது. கவனமான கெட்டிலுக்கும் குழாய்க்கும் வருஷத்தில் சுமார் 50 பவுண்டு வித்தியாசம். கவனமில்லாத கெட்டிலுக்கும் குழாய்க்கும் வித்தியாசம் 6, 7 பவுண்டுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் மின்சாரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தணிக்கைக்காரனுக்கு அழகல்ல. லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைகளின் ஊடே ஊறி வருவதாகையால் மிகவும் கடினமானது. ஒரு மாதத்தில் கெட்டிலின் அடியில் முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டதுபோல் வெள்ளைப் பொருக்கு தட்டிவிடும். கெட்டிலானால் சிறிது வினிகரைத் தண்ணீரில் கலந்து காய்ச்சி, ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினால் தீர்ந்தது. தொட்டிக்கோ வடிகட்டி தேவை. மாப்பிள்ளையின் ரசீதுகளைப் புரட்டியதில், வருஷத்துக்கு இரண்டு வடிகட்டிகள், ஒவ்வொன்றும் 50 பவுண்டுக்குக் குறையாமல் வாங்கப்பட்டிருப்பது தெரிந்தது. நான் இராக் கண் விழித்துக் காவல் காத்துக் கண்டுபிடித்த கசிவைக் காட்டிலும் இது ஏறக்குறைய இரட்டிப்பு! குழாயும் தொட்டியும் பொருத்துக் கூலியுமாக ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆனதையும், கெட்டில் 30 பவுண்டு என்பதையும் நினைத்தால், மின்சாரத்தைப் பற்றிய தர்க்கமே சில்லறைத் தர்க்கமாகிவிடுகிறது.

வாயு அடுப்பையும் விட்டுவிடவில்லை. அதில் பாதிக்கு மேற்பட்ட சூடு பாத்திரத்தின் ஓரமாய் ஓடிப்போகிறதென்றாலும், வாயு யூனிட்டுக்கு 6 பென்ஸ்தான் என்பதால், மூடி போட்டுக் காய்ச்சினால் லிட்டருக்கு ஒன்றரைப் பென்ஸில் முடிகிறது. ஆனால் எரிந்த வாயு வெளியேற வழியில்லாமல் ஜன்னலைச் சாத்தி வைக்கும் குளிர்காலத்தில் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரவில் தொட்டியை நிறுத்தினால் காலையில் மறுபடி காய்ச்ச அதிகம் செலவாகும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதாக மகள் தயங்கினாள். அதையும் அளந்தோம். எட்டு மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகும் தண்ணீர் 58 டிகிரியில் இருந்தது. மறுபடி சூடேற 0.14 யூனிட் ஆயிற்று. நிறுத்தாவிட்டால் ஆவது 0.20. ஆறின பொருள் குறைவாகவே சூட்டை இழக்கும் என்பதால், நிறுத்துவதில் நஷ்டம் ஒருபோதும் இல்லை. ஆனால் லாபம் இரவுக்கு ஒன்றரைப் பென்ஸ்தான். ஊருக்குப் போகும்போது நிறுத்திவிட்டுப் போனால் போதும்.

லாபத்தைவிடச் சௌகரியம் கிடைத்தது என் மனைவியின் வெந்நீரில். மூட்டுவலிக்காரியான அவள், குழாயில் கொதிநீரைப் பிடித்து, அதில் பச்சைத் தண்ணீரைக் கலந்து, வெதுவெதுப்பாக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் குழாயடிக்கு நடப்பானேன்? காலையில் ஒரே தடவை கெட்டிலில் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி வைத்தேன். சாயங்காலம் வரை அவளுக்குப் போதுமான சூடு அதில் இருந்தது. பிளாஸ்கின் தத்துவத்தை ஜேம்ஸ் டீவர் 1892இல் கண்டது அதே லண்டனில், ராயல் இன்ஸ்டிடியூஷனில்தான். அவர் அதற்குக் காப்புரிமை பெறாமல் இருந்துவிட, ஜெர்மானியர் 'தெர்மோஸ்' என்று பெயரிட்டு வியாபாரம் செய்தார்கள். விலையுயர்ந்த தொட்டிகளின் வெற்றிடச் சுவரும் அந்தத் தத்துவமே. பிளாஸ்குக்கு மின்சாரம் வேண்டாம் என்பதுதான் வித்தியாசம்.

காபி விஷயத்தில் என் அபிப்பிராயம் பட்சபாதமானது. கும்பகோணத்திலிருந்து கொண்டுபோன பித்தளை பில்டரில் குழாய்நீர் தூறலாய்ச் சிதறி விழுந்து பொடியில் குழி பறிப்பதை என்னால் சகிக்க முடியவில்லை; கெட்டிலின் மூக்கிலிருந்து மெல்லிய தாரையாய்ச் சுற்றி ஊற்றினால்தான் டிக்காக்‌ஷன் நிதானமாக இறங்குகிறது.

நாங்கள் திரும்பும் நாளில் குழாய் அங்கேதான் இருந்தது. ஆயிரம் பவுண்டைத் தொட்டிமேடையிலிருந்து பிடுங்கி எறிய யாருக்கும் மனம் வராது. கெட்டில் மட்டும் பரணுக்குத் திரும்பவில்லை. அதன் பக்கவாட்டுக் கண்ணாடியில், குறைந்தபட்ச அளவென்று செய்தவர்கள் போட்டிருந்த கோடு அரை லிட்டரில், அதாவது இரண்டு கோப்பையில் இருந்தது. ஒருவருக்குத் தேநீர் வேண்டுமானாலும் இருவருக்குக் காய்ச்சித்தான் ஆகவேண்டும். புதிதாய்க் கெட்டில் வாங்கப் போகிறவர்கள், அதன் நிறத்தையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்னால், ஒரு கோப்பை அளவுக்குக் கோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.